சலவைக்கல் விளையாத நாடு

நாகர்கோவில் பக்கத்தில் யாராவது புது வீடு கட்டிப் பால் காய்ச்சினால், பார்க்க வருகிறவர்கள் நடையில் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "தரைக்கு மார்பிளா போட்டிருக்கு?" வீட்டுக்காரரும் பெருமையோடு தலையை ஆட்டுவார். அநேகமாக அது மார்பிளாக இராது. குஜராத்தில் மோர்பி என்ற ஊரில் மண்ணைக் குழைத்துச் சூளையில் சுட்டு அனுப்பிய டைல்ஸாக இருக்கும்; இல்லையென்றால் மெருகு போட்ட கருங்கல்லாக இருக்கும். பளபளவென்று முகம் தெரிந்தால் நம் ஜனங்களுக்கு அது மார்பிள். இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கிரேக்கர்கள் இந்தக் கல்லுக்கு வைத்த பெயரே மின்னும் கல் என்ற பொருளுடையதுதான். அந்தப் பெயர்தான் தேய்ந்து மாறி, இங்கிலீஷ்காரன் வாய்வழியாக நம்முடைய பால் காய்ச்சு வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

தமிழில் இதற்குச் சலவைக்கல் என்று பெயர். வெளுத்துக் காயப்போட்ட வேட்டியைப் போன்ற கல் என்று இந்தச் சொல்லை உண்டாக்கியவன் யாரோ, அவன் நல்ல ரசிகன். பளிங்கு என்றும் சொல்கிறோம். ஆனால் பளிங்கு என்பது பழைய நூல்களில் வேறு பொருள். அது ஸ்படிகம்; இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் தெரிவது. மணிமேகலையில் உவவனத்தில் ஒரு பளிக்கறை வருகிறது. உதயகுமாரனுக்குத் தப்பி மணிமேகலை அதற்குள் புகுந்துகொள்கிறாள். அவனுக்கு அவள் உருவம் தெரிகிறது, வாசல்தான் தெரியவில்லை. சுவரைத் தடவித் தடவி நிற்கிறான். சலவைக்கல் சுவராயிருந்தால் உருவமும் தெரிந்திராது, கதையும் அங்கே நின்றிருக்கும். ஆகவே சாத்தனார் சொன்ன பளிங்கு வேறு, நாம் இன்று ஆக்ரா போய்ப் படம் பிடித்துக்கொண்டு வருகிற பளிங்கு வேறு.

இந்தச் சொல் ஆராய்ச்சி எதற்கு என்றால், ஒரு பொருளுக்கு ஒரு நாட்டில் சொந்தமாகப் பெயர் இல்லாமல் போனால் அந்தப் பொருள் அந்த நாட்டில் இல்லை என்றுதான் அனேகமாக அர்த்தம். நாஞ்சில் நாட்டில் கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. தெருவில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு மலை தெரியும். சலவைக்கல் மட்டும் ஒரு கைப்பிடி கூடக் கிடையாது.

காரணம் எளிது. சலவைக்கல் என்பது வெந்து பக்குவப்பட்ட சுண்ணாம்புக்கல். கடலடியில் சிப்பியும் பவழமும் மற்ற நுண்ணுயிர்களின் ஓடுகளும் கோடிக்கணக்கான வருஷங்கள் படிந்து இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆகின்றன. அது பூமிக்குள் ஆழமாகப் புதையுண்டு, அங்குள்ள வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருகாமலே உள்ளுக்குள் மறுபடி படிகம் கட்டினால் சலவைக்கல். சுத்தமான சுண்ணாம்பானால் வெள்ளை. கொஞ்சம் களிமண்ணோ இரும்போ கலந்திருந்தால் சாம்பல், சிவப்பு, பச்சை என்று கீற்றோடும். உப்புப் பரல் போன்ற அதன் மணிகளுக்குள் வெளிச்சம் சற்றே புகுந்து திரும்பி வருகிறது. தாஜ்மகால் நிலவில் உள்ளிருந்து ஒளிர்வதுபோலத் தோன்றுவதற்கு இதுதான் சூட்சுமம். கவிகள் வேறு காரணம் சொல்வார்கள்.

நம்முடைய மலைகள் அப்படிப்பட்டவை அல்ல. வேளிமலையும் தாடகைமலையும் மருத்துவாழ்மலையும் சார்னோக்கைட் என்ற இனத்தையும் அதற்குப் பங்காளிகளான நைஸ் பாறைகளையும் சேர்ந்தவை. சார்னோக்கைட் என்ற பெயருக்குப் பின்னால் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1690இல் கல்கத்தாவில் கும்பினிக்கு இடம் பிடித்துக் கொடுத்த ஜாப் சார்னாக் என்ற துரை செத்துப்போனபோது, அவருடைய சமாதிக்குச் சென்னைப் பக்கத்திலிருந்து ஒரு கருங்கல் பலகை போயிற்று. இருநூறு வருஷம் கழித்து, 1893இல், ஹாலந்து என்ற பூகர்ப்ப சாஸ்திரி அந்தக் கல்லையும் பல்லாவரம் மலைக் கல்லையும் ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டும் ஒன்று என்று கண்டு, இந்த வகைப் பாறைக்கே செத்த துரையின் பெயரை வைத்துவிட்டார். ஆயிரம் வருஷமாக அந்தக் கல்லில் கோயில் கட்டிக் கும்பிட்டவர்கள் இங்கே இருக்க, அதற்கடியில் படுத்திருந்தவருக்குப் பெயர் கிடைத்தது.

நம் பாறைகள் இன்றைய வடிவத்துக்கு வந்து சுமார் 55 கோடி வருஷம் ஆகிறது என்கிறார்கள். அப்போது தென்னிந்தியாவும் இலங்கையும் மடகாஸ்கரும் அண்டார்க்டிகாவும் ஒட்டிக் கிடந்தன. இவ்வளவு பழைய கல்லுக்கு இவ்வளவு புதிய ஒரு சங்கடம் வந்திருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சலவைக்கல் நமக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தால், மலை தாண்டினால் கிடைக்கிறது. திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் இருப்பது, மேலே சொன்னபடி பூமிக்குள் வெந்து படிகம் கட்டிய சுண்ணாம்புக்கல்தான். பூகர்ப்ப சாஸ்திரப்படி அது சலவைக்கல்லின் சாதி. ஆனால் அதைப் பலகையாக அறுத்துத் தரைக்குப் போடலாம் என்று யாரும் நினைக்கவில்லை. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்துதான் வேண்டியிருந்தது. 1949இல் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி அங்கே ஆலையை ஓட்டத் தொடங்கியது. ஷாஜகானின் ஊரில் மாளிகையாக நின்ற சாதிக்கல், நம் பக்கத்தில் சூளைக்குள் போய் மாவாகி, சாக்கில் கட்டுண்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக லாரியேறி நாஞ்சில் நாட்டுக்கு வந்தது. நம் வீடுகளில் சலவைக்கல் இல்லை என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். சுவர் முழுக்க அதுதான்.

சிமெண்ட் வருவதற்கு முன்னால் நம்மவர்கள் சுண்ணாம்புக்கு என்ன செய்தார்கள்? மலையில் இல்லாததைக் கடலில் எடுத்தார்கள். சிப்பியும் கிளிஞ்சலும் பொறுக்கிச் சூளை போட்டுச் சுட்டுத் தாளித்தால் அது முதல்தரமான சுண்ணாம்பு. சோழமண்டலக் கரையிலும் இதே முறைதான். சென்னைப் பட்டணத்துச் சிப்பிச் சுண்ணாம்புப் பூச்சைப் பார்த்துவிட்டு வெள்ளைக்காரப் பிரயாணிகள் இது சலவைக்கல்லேதான் என்று மயங்கி எழுதி வைத்திருக்கிறார்கள். அரைத்து, புளிக்க வைத்து, பூசி, ஈரம் காயுமுன் கூழாங்கல்லால் நாள் கணக்கில் தேய்த்தால் வருகிற மெருகு அது. சலவைக்கல் கிடைக்காத நாடு, பூமி கோடி வருஷத்தில் செய்கிற வேலையை ஒரு கொத்தனாரின் முழங்கையை வைத்துச் செய்துகொண்டது.

அந்த வித்தையின் உச்சம் எங்கே என்று கேட்டால் நான் பத்மநாபபுரம் என்பேன். தக்கலைக்குப் பக்கத்தில், வேளிமலை அடிவாரத்தில், திருவிதாங்கூர் ராஜாக்கள் 1795 வரை இருந்து ஆண்ட அரண்மனை. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்து, மார்த்தாண்ட வர்மா காலத்தில் பெரிதாக எடுத்துக் கட்டியது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோதும் இந்த அரண்மனை மட்டும் கேரள சர்க்காரின் கையிலேயே இருந்துவிட்டது, இன்றும் அப்படித்தான். அங்கே போகிறவர்கள் எல்லோரும் தூணைப் பார்ப்பார்கள், மச்சைப் பார்ப்பார்கள், மருந்து மரங்களைச் சேர்த்துச் செய்த கட்டிலைப் பார்ப்பார்கள். எனக்கு அங்கே பார்க்க வேண்டிய பொருள் காலடியில் இருக்கிறது. கறுத்த தரை. நவராத்திரி மண்டபத்தில் குனிந்து பார்த்தால் தூண்கள் தலைகீழாகத் தரைக்குள் இறங்கி நிற்கும்.

அந்தத் தரையில் சிரட்டைக் கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் மணலும் செடிச்சாறும் சேர்ந்திருப்பதாக அங்கே உள்ளவர்கள் சொல்லுவார்கள். எல்லாம் நம் வீட்டு அடுக்களையிலும் தோப்பிலும் கிடக்கிற சாமான்கள். என் ஆச்சி வீட்டில் சாணத்தோடு கரி சேர்த்துத்தான் தரை மெழுகுவார்கள். வேலை தெரிந்த கை மெழுகினால் அதிலும் ஒரு மங்கலான மினுக்கம் வரும். அரண்மனைத் தரையைப் பார்க்கும்போதெல்லாம், இது வேறு எங்கிருந்தோ வந்த ராஜாங்க வித்தை அல்ல, ஏழை வீட்டுத் திண்ணையிலிருந்து ஏறிப்போன வித்தை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இது நாவல்காரனின் ஊகம்; சரித்திரக்காரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஒன்று மட்டும் நிச்சயம். அந்தத் தரையைத் தேய்த்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. வடக்கே நிலைமை கொஞ்சம் வேறு. தாஜ்மகாலுக்கு வேண்டிய சலவைக்கல் ராஜஸ்தானத்தில் மக்ரானா என்ற ஊரிலிருந்து வந்தது. ஆக்ராவுக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் மாட்டு வண்டிப் பிரயாணம். இதற்காக ஷாஜகான் ஆம்பர் ராஜா ஜெய்சிங்குக்கு எழுதிய கட்டளைகள் இன்றும் இருக்கின்றன. வண்டிகளை வாடகைக்குப் பிடித்துக் கொடு என்று ஒன்று. உன்னுடைய ஆட்கள் கல்வெட்டுகிறவர்களைத் தங்கள் வேலைக்கு நிறுத்திக்கொள்கிறார்களாம், மக்ரானாவுக்கு ஆள் வந்து சேரவில்லை, உடனே அனுப்பு என்று இன்னொன்று. சக்கரவர்த்தியே கல்தச்சனுக்காகக் காகிதம் எழுதிக் காத்திருந்தார் என்பதைப் படிக்கும்போது மனத்துக்கு ஒரு திருப்தி. அந்தக் கல்தச்சர்களின் பெயரும் அதில் இல்லை என்பது வேறு விஷயம்.

திருவிதாங்கூரில் காகிதம் எழுத வேண்டிய சிரமம் இருக்கவில்லை. இங்கே 'ஊழியம்' என்று ஒரு முறை இருந்தது. சர்க்காருக்கும் கோயிலுக்கும் ஆக வேண்டிய சுமட்டு வேலைகளைத் தாழ்த்தி வைக்கப்பட்ட ஜாதிக்காரர்கள் கூலியில்லாமல் செய்து கொடுத்தாக வேண்டும். அப்படிச் சுமந்தவர்களுடைய பேரன்மார், சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள பொதுத் தெருவில் நடப்பதற்கு 1926இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. கோயிலுக்குள் காலடி வைக்க 1936 நவம்பர் 12ஆம் தேதி வரை பொறுத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். இதற்கெல்லாம் நூறு வருஷம் முந்தியே மருத்துவாழ்மலைக்குப் பக்கத்தில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் இருந்தார். 1809இல் பிறந்து 1851 வரை வாழ்ந்தவர். அவருடைய வழிபாட்டில் கல்லில் செய்த விக்கிரகம் இல்லை, கண்ணாடி. வருகிறவன் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியது. பத்மநாபபுரத்துக் கறுத்த தரையிலும் முகம் தெரியத்தான் செய்தது. ஆனால் குனிந்து பார்க்க அங்கே யாருக்கு அனுமதி இருந்தது?

கோயில் என்றதும் கருங்கல்லுக்கு வர வேண்டும். சலவைக்கல் இல்லாததால் நாஞ்சில் நாட்டுக்கு நேர்ந்த பெரிய லாபம், கடினமான கல்லோடு பழகக் கற்றுக்கொண்டதுதான். கனிப்பொருள்களின் கடினத்தை அளக்க ஒன்று முதல் பத்து வரை ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், வைரம் பத்து. சலவைக்கல் அதில் மூன்று. ஒரு செப்புக் காசு கீறிவிடும். கருங்கல்லில் உள்ள மணிகள் ஆறு, ஏழு. சலவைக்கல்லைக் கம்பியும் மணலும் தண்ணீரும் வைத்தே அறுத்துவிடலாம். கருங்கல்லை அப்படி அறுக்க முடியாது. உளியால் வரிசையாகக் குழி போட்டு, ஆப்பு இறக்கி, கல் தானாக மனம் விட்டுப் பிளக்கும்வரை காத்திருக்க வேண்டும். மைக்கலாஞ்சலோ 1504இல் முடித்த தாவீது சிலைக்கு, வேறொருவர் தொட்டுவிட்டு நாற்பது வருஷம் வீணே கிடந்த கராராச் சலவைக்கல் வாய்த்தது. அவர் பெரிய ஆள், சந்தேகமில்லை. அதே ஆளைச் சுசீந்திரத்து 18 அடி அனுமாருக்கு முன்னால் நிறுத்தி, இந்தக் கல்லில் இதைச் செய்யும் என்று சொல்லியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார் என்று எனக்கு ஒரு நாட்டுப்பற்று.

சுசீந்திரத்தில் அலங்கார மண்டபத்துத் தூண்களைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரே கல்லில் குடைந்தெடுத்த சிறு தூண்களின் கொத்து, அப்படி நான்கு. தட்டினால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் பேசும். கல் பேசுவது இங்கே அங்கொன்று இங்கொன்று அல்ல. ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில், 1752இல் தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக் கொன்ற இடத்தில், மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு. தட்டினால் மணி ஓசை. அவரை 2022இல் ரோமில் புனிதராக அறிவித்தார்கள். அவர் இறந்த வேளையில் மலையிலிருந்து உருண்டு விழுந்து ஒலித்த பாறை அது என்று ஜனங்கள் நம்புகிறார்கள். இறுக்கமும் ஒரே சீரான மணியும் உள்ள பாறையில் அதிர்வு தடையில்லாமல் ஓடும்; அதனால் ஓசை. விரிசல் இருந்தால் சத்தம் மடிந்துவிடும். கல்தச்சர்கள் இதை வைத்தே கல்லுக்குச் சாதகம் பார்ப்பார்கள். மணி போல ஒலித்தால் ஆண் கல், தாளம் போல ஒலித்தால் பெண் கல், ஓசையே இல்லாவிட்டால் நபும்சகக் கல். ஆண் கல்லில் சுவாமி, பெண் கல்லில் அம்பாள், மூன்றாவது பீடத்துக்கு.

மயிலாடியில் எனக்குத் தெரிந்த முதிய ஆசாரி ஒருவர் இருக்கிறார். அந்த ஊரின் தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் பாதி முடிந்த தெய்வங்கள் நிற்கும். சலவைக்கல்லில் செய்ததுண்டா என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ணு ரெண்டு செய்ததுண்டு தம்பி. சாயிபாபா வேணும்னு வந்து நிப்பா. அதெல்லாம் ஜெய்ப்பூர்க்காரன் வேலை. வெள்ளைக் கல்லு வெண்ணெயாக்கும்; சொன்னதைக் கேக்கும். நம்ம கல்லுல உளியைக் கொண்டு வச்சா, 'நீ ஆருலே'ன்னுல்லா கேக்கும்?"

"அப்போ எது சொகம்?"

"கேக்குத கல்லுதான் சொகம்" என்றார். பிறகு இருமினார்.

அந்த இருமலையும் எழுதத்தான் வேண்டும். உளி மட்டும் இருந்த காலத்தில் தூசி மெதுவாகக் கிளம்பியது. இப்போது மின்சாரச் சக்கரம் வைத்து அறுக்கிறார்கள், தேய்க்கிறார்கள். பகல் முழுக்க வெள்ளைப் புகையாகப் பறக்கிறது. கருங்கல் தூசியில் படிகக்கல்லின் துகள் உண்டு. அது நுரையீரலில் போய்த் தைத்து வடுக் கட்டினால் வருகிற நோய்க்குச் சிலிக்கோசிஸ் என்று பெயர், வந்தால் போவதில்லை. சலவைக்கல் தூசி நல்லது என்று சொல்ல வரவில்லை, ஆனால் அது சுண்ணாம்பு. இந்த அளவு கொடுமை செய்யாது. தண்ணீர் தெளித்துக்கொண்டு அறுத்தால், முகத்துக்கு முறையான கவசம் போட்டால், பெரும்பகுதி தவிர்க்கலாம். ஆசாரி முகத்தில் கட்டியிருந்தது தோளில் கிடந்த துவர்த்து.

நம் வீடுகளுக்குள் சலவைக்கல் எப்போது வந்தது என்று யோசித்துப் பார்த்தால், முதலில் அது வந்தது எழுத்துப் பலகையாக. திறப்பு விழா, அஸ்திவாரம், கல்லறை, நன்கொடையாளர் பட்டியல். அதற்குப் பிறகு மொசைக். சலவைக்கல்லை உடைத்த சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி, காய்ந்த பிறகு காரக்கல் பொருத்திய இயந்திரத்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் ஆக்ஸாலிக் அமிலம் போட்டுத் துடைப்பார்கள். வாத்தியார்களும் வக்கீல் குமாஸ்தாக்களும் கடன் வாங்கிக் கட்டின வீடுகளின் தரை அதுதான். மக்ரானா அரசனுடைய முழுக் கல் அரண்மனைக்கு. அதன் நொறுங்கல் நடுத்தரக் குடும்பத்துக்கு. மொசைக்கை யாரும் இப்போது மதிப்பதில்லை. எனக்கு அதன்மேல் ஒரு வாஞ்சை. சித்திரை வெயிலில் வெறும் மேலோடு அதில் படுத்து உறங்கியவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

அதன் பின்னால் வளைகுடாப் பணம் வந்தது, ராஜஸ்தானத்திலிருந்து லாரியில் முழுப் பலகைகள் வந்தன. வந்த பிறகுதான் அடுக்களைகளில் ஒரு புதுச் சண்டை. சலவைக்கல்லுக்கு ஜன்மப் பகை புளிப்பு. அது சுண்ணாம்புச் சத்தல்லவா. புளிக்கரைசல் சிந்தினாலும், எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு துளி விழுந்தாலும், அந்த இடம் மெருகு கெட்டுச் சொரசொரவென்று ஆகிவிடும். மஞ்சள் வேறு கறை பிடிக்கும். புளியும் எலுமிச்சையும் மஞ்சளும் இல்லாமல் நாஞ்சில் நாட்டில் ஒரு வேளைச் சமையல் உண்டா? அவியலா, தீயலா, மீன்குழம்பா, எதையும் சொல்லிப் பாருங்கள். நம் கருங்கல் அம்மியும் ஆட்டுரலும் தலைமுறை தலைமுறையாகப் புளி குடித்துவிட்டு ஒன்றும் அறியாததுபோல் இருந்தன.

அடுக்களைச் சண்டைதான் பெரிய கட்டடங்களுக்கும். ஆலைப் புகையும் வண்டிப் புகையும் காற்றில் அமிலமாகி, கரியாகப் படிந்து, தாஜ்மகால் மங்கி மஞ்சளித்துப் போயிற்று. 1996இல் சுப்ரீம் கோர்ட்டே தலையிட்டு, சுற்றுவட்டாரத்து ஆலைகள் நிலக்கரியை விட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. தொல்பொருள் துறையார் சுவர்மேல் முல்தானி மண்ணைக் குழைத்து அப்பி, காய்ந்ததும் கழுவி எடுக்கிறார்கள். பெண்கள் முகத்துக்குப் போட்டுக்கொள்கிற அதே மண். இங்கே குமரிமுனையில் திருவள்ளுவர் சிலைக்கும் ஒரு குளியல் உண்டு. கடற்காற்று கொண்டுவந்து ஏற்றுகிற உப்பைக் காகிதக் கூழ் பூசி உறிஞ்சி எடுத்துவிட்டு, மேலே ரசாயனப் பூச்சுக் கொடுக்கிறார்கள். அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்கு 38 அடிப் பீடம், மற்ற இரண்டு பாலின் 95 அதிகாரத்துக்கு 95 அடிச் சிலை, ஆக 133. எடை 7000 டன். கணபதி ஸ்தபதி செய்தது. 2000 ஜனவரி 1ஆம் தேதி திறந்தார்கள். 2004 டிசம்பரில் சுனாமி அலை வந்து மோதியபோதும் அசையவில்லை. கருங்கல்லுக்கே அந்த இடத்தில் இவ்வளவு சிசுருஷை வேண்டியிருக்கிறது. சலவைக்கல்லாக இருந்திருந்தால் அந்த உப்புக்காற்றில் வள்ளுவரின் மூக்கும் விரலும் இந்நேரம் எப்படி இருக்குமோ!

ஆகச் சலவைக்கல் இல்லாதது நமக்கு ஒரு குறையே அல்ல என்பது என் கட்சி. இருப்பதை என்ன செய்கிறோம் என்பதில்தான் வயிறு எரிகிறது.

இத்தாலியில் கராரா மலையில் இன்று வெட்டுவதில் பெரும்பகுதி சிலையாகவும் போவதில்லை, பலகையாகவும் போவதில்லை. இடித்துப் பொடியாக்கி, பற்பசைக்கும் காகிதத்துக்கும் சாயத்துக்கும் சேர்க்கிற சுண்ணாம்புத் தூளாகப் போகிறது. மைக்கலாஞ்சலோவின் மலையைக் காலையில் எழுந்து பல் தேய்த்துத் துப்புகிறது உலகம். நம் மலைக்கும் அதே கதிதான். குவாரியில் வெடி வைத்து, கிரஷரில் போட்டு, ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, எம்-சாண்ட் என்று தரம் பிரித்து லாரியில் ஏற்றுகிறார்கள். ஆற்றில் மணல் அள்ளி ஆற்றைக் கெடுத்தாயிற்று. இனி மலையை அரைத்து மணல் செய்கிறோம். விழிஞ்ஞத்தில் 2015 கடைசியில் துறைமுக வேலை தொடங்கியபோது, கடலுக்குள் சுமார் 3 கிலோமீட்டருக்கு அலைத்தடுப்புச் சுவர் கட்ட மலைமலையாகக் கல் வேண்டியிருந்தது. எங்கள் மாவட்டத்துச் சாலைகளில் இரவு பகலாகப் பாறை லாரிகள் மேற்கே போயின. சாலை பிளந்தது, விபத்துகள் நடந்தன, ஊர்க்காரர்கள் மறியல் செய்தார்கள். 2025 மே 2ஆம் தேதி துறைமுகத்தை விமரிசையாகத் திறந்து வைத்தார்கள். துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீடு கட்டாமல் இருக்க முடியுமா என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை. இதை எழுதுகிற அறைக்கே அந்த ஜல்லிதான் மேற்கூரை. ஆனால் மலையைத் தொடும்போது, எதைத் தொடலாம், எவ்வளவு தொடலாம், இன்னும் எத்தனை நாளைக்கு என்று ஒரு கணக்கு வேண்டாமா? மலை இருந்தால்தான் இங்கே இரண்டு பருவமழையும் நின்று பெய்யும், குளம் நிறையும், வயல் விளையும். நாஞ்சில் நாடு என்று சொல்ல வேறு என்ன இருக்கிறது?

போன மாசி மாதம் மறுபடி மயிலாடிக்குப் போயிருந்தேன். ஆசாரியின் பட்டறையில் உருட்டுக் கல் ஒன்று புதிதாக வந்து கிடந்தது. எந்த மலைக் கல் என்று விசாரித்தேன்.

"நெல்லைச் சீமையில இருந்து கொண்டாந்தது" என்றார். "வண்டிக் கூலி கல்லு விலைக்கு மேல ஆயிப் போச்சு."

"ஏன், பக்கத்திலே மலை இல்லையா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை; பள்ளிக்கூடப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "மலை இருக்கு தம்பி. வெடி வச்ச மலையில சிலைக்குக் கல்லு எடுக்க முடியுமா? உள்ளுக்குள்ள எல்லாம் நூலு நூலா விரிஞ்சி போயிரும். ஆப்பு வச்சு எடுக்கணும். நாலு கல்லு ஆப்பு வச்சு எடுக்கியதுக்கு நமக்கு ஆரு பாஸு தருவா? அவனுக்கு ஒரு நாளைக்கு நூறு லோடு வேணும். ஆண் கல்லு, பெண் கல்லு எல்லாம் ஒண்ணாத்தான் கிரஷருல போகுது."

சிறிய சுத்தியலை எடுத்து அந்தக் கல்லை இரண்டு மூன்று இடத்தில் தட்டினார். ஒரு முனையில் கணீரென்று இருந்தது. மறுமுனையில் சத்தம் சற்றே அடைத்தது. அந்த இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டார். "இவ்வளவு கழிஞ்சா மூணடிப் பிள்ளையார் வரும்" என்று சொல்லிவிட்டு, துவர்த்தை எடுத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார்.